வாசலை மட்டும் விட்டு வெச்சீங்க, வீடு எங்க இருந்துச்சுன்னாவது காட்டுங்க

மேற்கு ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்தோட பழைய கட்டடங்களைப் பத்தி முடிவெடுக்கற அதிகாரிங்களுக்கு, வணக்கம்.

செயின்ட் ஜார்ஜஸ் டெரஸோட மேற்குக் கோடியில நிக்கற பேரக்ஸ் ஆர்ச், அதான் அந்தக் காலத்துச் சிப்பாய்க் குடியிருப்போட வாசல் வளைவு, அதைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா போன மாசம் என் பொண்ணு கேட்ட கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, அதான் எழுதறேன். அவளுக்கு ஒன்பது வயசு, ஸ்கூல்ல 'நம்ம ஊர்ல ஒரு பழைய இடம்'னு ப்ராஜெக்ட் குடுத்திருந்தாங்க. கூட்டிட்டுப் போனேன். பின்னாடி ஃப்ரீவேல கார் போற இரைச்சல்ல அவ பேசறதே சரியா கேக்கல. கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்துட்டு, "அம்மா, வாசல் இருக்கு, வீட்டைக் காணோமே?"ன்னா.

வீட்டை 1966-ல இடிச்சுட்டாங்க கண்ணுன்னேன். எவ்ளோ பெருசா இருந்துச்சு, எங்க ஆரம்பிச்சு எங்க முடிஞ்சுதுன்னு கேட்டா. எனக்குத் தெரியல. அவ வரைஞ்ச படத்துல நடுவுல ஆர்ச், ரெண்டு பக்கமும் வெள்ளையா விட்டு வெச்சிருக்கா.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கட்டடம் எதுவரைக்கும் நீண்டு கிடந்துச்சுன்னு, இன்னிக்கு மனுஷன் நடக்க முடியற இடத்துலயெல்லாம் தரையில செங்கல் பதிச்சு ஒரு கோடு போட்டுக் காட்டுங்க.

இதுக்குப் போய் இவ்ளோ நீளமா ஒரு மடலான்னு நினைப்பீங்க. அங்க குடியிருந்தவங்க யாருன்னு யோசிங்க. பெரிய தளபதிங்க இல்ல. பிரிட்டிஷ் ராணுவத்துல வேலை முடிஞ்சு பென்ஷன் வாங்கின சிப்பாய்ங்க, அதுல இந்தியாவுலயும் ஆப்கானிஸ்தான்லயும் சண்டை போட்டவங்க உண்டு. சொற்ப பென்ஷன் பணத்துல குடும்பம் நடத்த முடியாம, நிலம் தர்றோம்னு சொன்னதை நம்பி, பொண்டாட்டி பிள்ளைங்களோட, பிரிட்டன்ல இருந்து கைதிங்களை இங்க கொண்டு வந்த கப்பல்லயே காவலுக்கு ஏறி வந்தவங்க. 1850 ஜூன்ல முதல் கப்பல் சிந்தியன் 75 கைதிங்களோட ஃப்ரிமாண்டில் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தப்ப அவங்களை அடைக்க ஊர்ல தோதான ஜெயிலே இல்ல, தனியார் கோடவுன் ஒண்ணை வாடகைக்குப் பிடிச்சாங்க. கைதிக்கே அந்த கதின்னா, காவலுக்கு வந்தவன் பொண்டாட்டி கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு எங்க அடுப்பு மூட்டியிருப்பா? அதுக்கப்புறம் பதினாறு வருஷம் போலக் கழிச்சுத்தான் இந்தக் கட்டடம் முழுசா எழும்பி முடிஞ்சுது. 1863-ல ஆரம்பிச்சு, ரிச்சர்ட் ரோச் ஜுவெல் வரைஞ்ச பிளான்ல, கோட்டை மாதிரி டியூடர் ஸ்டைல்ல செங்கல்ல கட்டினது. ஆனா உள்ள இருந்தது கோட்டை வாழ்க்கை இல்ல, குடும்பம் குடும்பமா சமைச்சு, துணி துவைச்சு, பிள்ளை பெத்து வளர்த்த இடம். 1868-ல கடைசிக் கைதிக் கப்பலும் வந்து நின்னு போச்சு, சிப்பாய்ங்களும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சாங்க, அப்புறம் அது பொதுப்பணித்துறை ஆபீஸ் ஆச்சு.

அந்தச் சிப்பாய்ங்களுக்குக் குடுத்த நிலம், இந்த மண்ணோட பூர்வகுடிங்களான நூங்கார் மக்களோட நிலம். கேக்காமக் குடுத்தாங்க. அதையும் அந்தக் கோட்டுப் பக்கத்துலயே எழுதுங்க, நூங்கார் பெரியவங்களைக் கேட்டு, அவங்க சொல்ற வார்த்தையிலயே எழுதுங்க.

அப்புறம் ஃப்ரீவே வந்துச்சு, ரெண்டு பக்கச் சிறகையும் இடிச்சாச்சு. ஆர்ச்சும் போக வேண்டியதுதான். தெருவுல இருந்து பாத்தா பார்லிமென்ட் கட்டடத்தை மறைக்குதுன்னு அப்ப பிரீமியரா, அதான் மாநில முதலமைச்சரா இருந்த டேவிட் பிராண்ட் அதையும் எடுத்துடணும்னு நின்னார். ஜனங்க விடல. விஷயம் பார்லிமென்ட்டுக்கே போய், அவர் கட்சிக்காரங்களே சில பேர் அவருக்கு எதிரா ஓட்டுப் போட்டுத்தான் இன்னிக்கு அது நிக்குது. சாதாரண ஜனங்க போராடி மீட்ட வாசல் அது. அவ்ளோ பாடுபட்டவங்களுக்கு நாம திருப்பிச் செஞ்சது என்ன?

கோவத்தை அடக்கிக்கிட்டுத்தான் எழுதறேன். இது ஆர்ச்சோட நிக்கல. அதே தெருவுல பேலஸ் ஹோட்டலைப் பாருங்க, அதுக்கும் ஜனங்க போராட வேண்டி வந்துச்சு, கடைசியில பழைய முகப்பு முன்னாடி, கண்ணாடி டவர் பின்னாடி. முகத்தை மட்டும் வெச்சுக்கிட்டு உடம்பை எடுத்துடறோம், அதுக்கு 'பாதுகாத்துட்டோம்'னு பேர் வேற. பெர்த் புறநகர் பசென்டீன்ல 1857-ல கட்டின பென்ஷன் சிப்பாய் வீடு ஒண்ணு முழுசா நிக்குது, சின்ன வீடுதான். உள்ள போய் நின்னா ஒரு குடும்பம் எவ்ளோ இடத்துல வாழ்ந்துச்சுன்னு குழந்தைக்குக் கூட உடனே புரியுது. அந்த மாதிரி வீடுங்களை வரிசையா அடுக்கின மாதிரி ஒரு கட்டடம் நகரத்துக்கு நடுவுலயே இருந்துச்சே, நினைச்சா வயித்தெரிச்சலா இருக்கு.

ஒரு ஆபீசுக்கு ரெண்டு தடவ மெயில் போட்டேன். ரெண்டு தடவையும் 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு எழுத்து மாறாம ஒரே பதில். நான் கருத்து சொல்லல, கோரிக்கை வெச்சேன், ஆகும் இல்ல ஆகாதுன்னு ஒரு வார்த்தை போதும்.

குரல் கொஞ்சம் உசந்துட்டா மன்னிச்சுக்கோங்க. இடிச்ச கட்டடத்தைத் திரும்பக் கட்டச் சொல்லல, ஃப்ரீவேயை மூடச் சொல்லல. தரையில ஒரு கோடு. அதுல ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு ஒரு குழந்தை நடந்து பாக்கணும், எத்தனை அடின்னு எண்ணிப் பாக்கணும், அவ்ளோதான். செங்கல்லுக்கு செலவு அதிகம்னா பெயிண்ட்ல போட்டாலும் சரி. தயவு செஞ்சு செஞ்சு குடுங்க. நேர்ல வந்து பேசணும்னா புதன்கிழமை எனக்கு லீவு, எந்தப் புதன்னு சொன்னாலும் வர்றேன், பொண்ணையும் அவ படத்தையும் கூட்டிட்டு வர்றேன்.

இப்படிக்கு,
பெர்த்ல குடியிருக்கற ஒரு அம்மா