மாத்திரைக்கு எலும்பு எழுதிக்கொள்வது

சாட்ஸ்வொர்த், டர்பன்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாத்திரைக்கு,

எலும்பு எழுதிக்கொள்வது. நீ மருந்துக்காரி, நான் பிசியோதெரபிக்காரி, இந்த வயதிலும் நம் பட்டப்பெயர் போகவில்லை. இங்கே எல்லோரும் நலம். உன் நலமும் பேரப்பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. முழங்கால் வலி, அதனால்தான் பதில் போடவில்லை என்றால் நீ விடமாட்டாய். உட்கார்ந்து எழுத முழங்கால் எதற்கு என்பாய். சோம்பல்தான், வேறென்ன. ஜோஹானஸ்பர்க் பக்கம், உன் லெனேசியாவில் குளிர் விட்டதா? இங்கே குளிர் என்பதே பேருக்கு. காலையில் ஸ்வெட்டர் போட்டு, பத்து மணிக்குக் கழற்றி, எங்கே வைத்தேன் என்று சாயங்காலம் வரை தேடுகிறேன்.

தமிழில்தான் எழுதுவது என்று நாம் போட்ட ஒப்பந்தம் இவ்வளவு நாள் தாங்கும் என்று நான் நினைக்கவே இல்லை. மாலைப் பள்ளி வாத்தியார் இருந்திருந்தால் என் கையெழுத்தைப் பார்த்துக் கோழி கிளறியது என்றிருப்பார். என் பேத்திக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். நான் எழுதினால் தோளுக்குப் பின்னால் வந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்ப்பாள். அதனால் அவள் விடுதிக்குத் திரும்பிப் போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் இந்த ஒளிவுமறைவு என்று பிறகு சொல்கிறேன்.

அவள் இப்போது கடைசி வருடம். பிசியோதெரபி, என்னைப் போலவே. வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், முதுகு போய்விடும் என்று பயமுறுத்தியும் பார்த்தேன். கேட்கவில்லை. போன வருடத்திலிருந்து விடுதியின் ஹவுஸ் கமிட்டிக்கு அவள்தான் தலைவி. எந்தக் கல்லூரி என்று உனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை. அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை குறையாகவும் சொல்லப்போகிறேன்.

தலைவி ஆன கதையைக் கேள். 2022 ஏப்ரல் வெள்ளம் நினைவிருக்கும். 400 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டொங்காட்டில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் சொட்டு இல்லை. அவள் அப்போது முதல் வருடம், விடுதிக்குப் போய்ச் சில வாரம்தான் ஆகியிருந்தது. அங்கேயும் தண்ணீர் நின்றது. லாரி வரும், வாளியோடு எல்லாரும் ஓடுவார்கள், பலமுள்ளவளுக்கு மூன்று வாளி, மற்றவளுக்கு ஒன்றும் இல்லை. கல்லூரியிலிருந்து தினமும் ஒரு அறிவிப்பு வந்தது, தண்ணீர்தான் வரவில்லை. இவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக அறைக் கதவைத் தட்டியிருக்கிறாள். எந்த அறையில் எத்தனை பேர், யாருக்கு ஆஸ்துமா, யாருக்குக் காலில் கட்டு, யாருக்கு மாதவிலக்கு, எல்லாம் எழுதி, நான்காவது மாடியில் ஊன்றுகோலோடு இருந்த பெண்ணுக்கு முதல் வாளி என்று வரிசை போட்டிருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, ஓட்டும் போடவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தேர்தல் வந்தபோது, “நோட்டுக்காரி” என்றே பெயர் சொல்லி ஓட்டுப் போட்டார்களாம்.

அந்த நோட்டை நான் பார்த்தேன். நம் வார்டு நோட்டு மாதிரியே இருந்தது.

தலைவியான பிறகு தலைவலிக்குக் குறைவில்லை. பிப்ரவரியில் பாதிப் பெண்களுக்கு உதவித்தொகை வந்து சேராது. பசியை மறைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். பொதுச் சமையலறையில் ஒரு அலமாரி வைத்து, அரிசியும் பீன்ஸும் டின்மீனும் போட்டு, யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாள். கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய ஒரு குவார்ட்டர் ‘பன்னி’யை நாம் மூன்று பேர் பிய்த்துத் தின்றோமே, கூச்சப்பட்டோமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம் போலிருக்கிறது. அல்லது, நாம் மூன்று பேரும் ஒரே மாதிரி ஏழை, அதனால் தெரியவில்லையோ என்னவோ.

அப்புறம், கோவில் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் உனக்கு நீளமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில். ஜூன் மாதமே பேத்தி வந்து, “ஆயா, கூழ் வரிசையில் நிற்பவர்கள் வெறும் வயிற்றோடுதானே வருகிறார்கள்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அப்படியானால் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க அதைவிட நல்ல இடம் டர்பனில் உண்டா?” என்றாள். நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தேன், நாற்பது ஆடி அந்த வரிசையில் நின்றேன், எனக்கு இது தோன்றவில்லையே! நம் ஜனங்களிடையே சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். எந்த வீட்டில் ஒரு கால்விரல் போகவில்லை சொல்.

குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் விலை உனக்குத்தான் தெரியும், மருந்துக்கடைக்காரி. பணத்துக்குப் பிரியாணி விற்றார்கள். டர்பனில் வேறெப்படிப் பணம் சேரும்? நான் இரவெல்லாம் உட்கார்ந்து பயறு பொறுக்கினேன். கோவில் கமிட்டியில் ஒரு பெரியவர் முதலில் முகம் சுளித்தார். அம்மன் வாசலில் ரத்தம் குத்துவதா என்றார். பேத்தி அவரிடம் பணிவாகவே, “தாத்தா, அம்மை வராமல் காக்கத்தானே அம்மனுக்கு இந்தக் கூழ்? இப்போது நம்மைக் கொல்வது அம்மை இல்லை, சர்க்கரை” என்றாள். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, வாசலுக்கு வெளியே வேப்பிலைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் என்றால் சரி என்றார். முதல் ஆளாக விரலை நீட்டியதும் அவர்தான்.

கல்லூரியிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். நர்சிங், பார்மசி, கண் பரிசோதனை, எல்லாம் கலந்து. ஜூலுப் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல், இரண்டு முஸ்லிம் பெண்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர். எல்லாரும் என்னை “கோகோ”, ஜூலுவில் பாட்டி, என்று கூப்பிட்டார்கள். மாணவர் கட்சி ஒன்று பேனரும் டி-ஷர்ட்டும் தருகிறோம், எங்கள் பெயர் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டதாம். ஸ்ட்ரிப் தந்தால் வாங்கிக்கொள்கிறேன், பேனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் ஸ்ட்ரிப் தரவில்லை.

ஒன்பது மணி வாக்கில் ஒரு மனிதர் வந்தார், நம் வயதுதான். பிரஷர் 210-க்கு 120. கருவி கெட்டுப்போயிற்று என்று நினைத்து மறு கையில் பார்த்தார்கள், அப்படியே இருந்தது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்கிறார். நீ இருந்திருந்தால் அங்கேயே திட்டியிருப்பாய். பேத்தி திட்டவில்லை. “நான் மாணவி, உங்களுக்கு வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் உங்களோடு வர உரிமை உண்டு” என்று சொல்லி, பொறுப்பை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு, அவரை என் காரில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவருக்கென்று ஒரு டம்ளர் கூழை மூடி எடுத்து வந்திருந்தாள். டாக்டர் பார்த்து முடிக்கும் வரை அதைக் கொடுக்கவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அவளுடைய ஜூலு! வரிசையில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு ஜூலு அம்மாவோடு அவள் பேசியதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. நாம் வார்டில் என்ன பேசினோம்? “பெஃபுமுலா, பெஃபுமுலா” என்று மூச்சு இழுக்கச் சொல்வோம், அதற்குமேல் ஃபனகலோ, அதாவது எஜமானர்கள் வேலை வாங்கப் பேசிய மொழி. எத்தனை நோயாளிகள் நம்மிடம் வலியைச் சொல்ல வாய் திறந்துவிட்டுச் சும்மா மூடிக்கொண்டார்களோ. இவர்களுக்கு இப்போது ஜூலு ஒரு பாடம், தேர்வு எழுதித் தேற வேண்டும்.

அடுத்த வருடம் அவளுக்குச் சமூகப் பணி வருடம், படிப்பு முடித்ததும் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டாயமாக வேலை செய்ய வேண்டிய வருடம். டாக்டர்களுக்கு 1998-இல் வந்தது, உங்கள் கூட்டத்துக்கு 2001-இல், எங்களுக்கு 2003-இல், எனக்கு வயது தாண்டிவிட்டது. அவள் அம்மா, பக்கத்திலேயே இருக்கும் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி கிடைக்காதா என்று சாமி கும்பிடுகிறாள். பிள்ளை புல்வர் பக்கம் கேட்டு எழுதியிருக்கிறாள், டிராக்கென்ஸ்பெர்க் அடிவாரம்! காரணம், வகுப்பில் போலேலாவைப் பற்றிப் படித்தாளாம். 1940-இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற தம்பதி அங்கே ஒரு சுகாதார நிலையம் ஆரம்பித்து, நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சத்துக் குறைவு என்று கண்டு மருந்துக்குப் பதில் காய்கறித் தோட்டம் போடச் சொன்னார்கள். பிறகு சிட்னி கார்க் நம் டர்பன் மருத்துவக் கல்லூரியிலேயே அதைப் பாடமாக வைத்தார். அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை, ஐம்பதுகளின் முடிவில் நாட்டை விட்டே போய்விட்டார்கள். இவ்வளவு பக்கத்தில் நடந்த கதை, நமக்கு ஒருவரும் சொல்லவில்லை பார்.

சரி, இப்போது ஒளிவுமறைவுக்கு வருகிறேன்.

செப்டம்பர் 12 அன்று விடுதியில், நிறவெறி அரசை எதிர்த்துப் போலீஸ் காவலில் செத்துப்போன ஸ்டீவ் பிகோவுக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். அவரும் இந்த ஊர் மருத்துவ மாணவர்தானே, 1966-இல் வந்து வென்ட்வொர்த்தில் அந்தப் பழைய ராணுவக் கொட்டடி விடுதியில் இருந்தவர். அவர் எப்படித் தலைவரானார் என்று பேசப்போகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, அவரைக் காவலில் பார்த்த இரண்டு டாக்டர்களைப் பற்றிப் பேசப்போகிறார்களாம். 1977-இல் மூளையில் அடிபட்டுக் கிடந்தவரைப் பார்த்தும் அவர்கள் போலீஸ் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். மருத்துவ கவுன்சில் முதலில் குற்றமே இல்லை என்றது. வேறு சில டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போய் விடாமல் நின்றபிறகு, 1985-இல்தான் ஒருவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள், மற்றவருக்குக் கண்டிப்போடு சரி. “ஆயா, நாங்கள் வெள்ளைக் கோட்டுப் போடப்போகிறவர்கள். பிகோவாக ஆகிறோமோ இல்லையோ, அந்த டாக்டர்களாக ஆகிவிடுவது ரொம்பச் சுலபம்” என்றாள். இருபத்தொரு வயது!

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: “நிறவெறிக் கல்விக்கு எதிரான 1980 வகுப்புப் பகிஷ்கரிப்பின்போது நீங்கள் மாணவிதானே? என்ன செய்தீர்கள்?” நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நாங்கள் எல்லாரும் வகுப்புக்குப் போகாமல் வெளியே நின்றோம்” என்றேன். ‘அவர்கள்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நாங்கள்’ என்று வந்துவிட்டது. ஒரு வார்த்தைதான். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபிறகு திருத்த மனம் வரவில்லை.

நீ வெளியே நின்றாய். நீ வகுப்புக் கமிட்டியில் இருந்தாய். நான் உடலியல் தேர்வு எழுதப் பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போனேன். அப்பாவின் தையல் தொழிற்சாலைச் சம்பளம், படிப்புக்கு வந்த உதவிப் பணம் போனால் நான் வீட்டோடு என்ற பயம், எல்லாம் உனக்குத் தெரியும். உன் வீட்டிலும் அதே கதைதான், அதனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு வாய் இல்லை. படிக்கட்டில் ஏறும்போது நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, கூட இருந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்க ஏதோ சத்தமாகப் பேச ஆரம்பித்தாய். எனக்கு அது கேட்டது. உனக்கு ஒரு வருடம் போயிற்று. மறு வருடம் அதே தேர்வுக்கு என் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாய். நாற்பத்தைந்து வருடமாக இதை நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இப்போது அவர்கள் நம் இருவரையும் அந்தக் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிடுகிறார்கள். உனக்குத் தனியாக அழைப்பு வரும், நான் சொல்லித்தான் எழுதுகிறார்கள். மேடையில் பொய் சொல்ல என்னால் முடியாது. அதற்கு முன்னால், வீட்டுச் சமையலறையிலேயே பேத்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். நீ அந்த நேரம் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சுலபம். வராவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், ஆனால் நடுவில் அழுது கெடுத்துவிடுவேன். 10-ஆம் தேதியே வந்துவிடு. ராத்திரி பஸ் வேண்டாம், உன் இடுப்புக்கு ஆகாது. மகனை விமான டிக்கெட் எடுக்கச் சொல். அறை தயாராக இருக்கும். நண்டுக் கறி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் எலும்பு

பி.கு.: வரும்போது காலாவதி ஆகாத ஸ்ட்ரிப் டப்பா எத்தனை முடியுமோ கொண்டு வா. புரட்டாசிக்கு இன்னொரு முறை வைக்கப்போகிறார்களாம். கமிட்டிப் பெரியவர்தான் கேட்டிருக்கிறார்.