என் கணக்கைத் திருத்தியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

கோழித் தீவனச் செலவைக் குறைக்கிறேன் என்று பாதிக் கிணறு தாண்டியவனை, கைகொடுத்து மறுபக்கம் இழுத்துவிட்டவர்களுக்கு இந்த மடல். பெயர் எதையும் போடவில்லை, அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி கால்நடை மருத்துவருக்கு. 1 கிலோ தானியத்தை முளைகட்டி ஒரு வாரம் வளர்த்தால் 5 கிலோ பச்சை ஆகிறது. அதைப் பார்த்ததும் செலவும் ஐந்தில் ஒன்றாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். 40 கோழிக்கும் மூட்டைத் தீவனத்தை நிறுத்திவிட்டு முளையை மட்டுமே கொட்டினேன். இரண்டே வாரத்தில் முட்டை பாதியாகிவிட்டது. வந்ததிலும் சில ஓடில்லாத தோல்முட்டை. நோய்தான் என்று பயந்து ஓடினேன். அவர் ஊசி எதுவும் போடவில்லை. ஒரு தட்டு முளையை நன்றாகக் காயவைத்து எடை போட்டுப் பார் என்றார். நான் ஊறவைத்த தானியத்தைவிட எடை குறைவாக இருந்தது! கூடியதெல்லாம் தண்ணீர். முளைவிடும்போது விதை தன் மாவுச்சத்தில் கொஞ்சத்தை எரித்தும் விடுகிறதாம். முட்டைக் கோழியின் தீவனத்தில் 16, 17 சதவீதம் புரதமும், 4 சதவீதத்தை ஒட்டி சுண்ணாம்புச் சத்தும் வேண்டும்; தானியத்தில் புரதம் 10 சதவீதத்தை ஒட்டித்தான், சுண்ணாம்போ பெயருக்குத்தான். உலர்ந்த தானிய எடைக் கணக்கில், தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முளையாக மாற்றாதே, கிளிஞ்சல் தூளைத் தனியாக வை என்றார். திட்டவே இல்லை. அதற்கும் ஒரு நன்றி.

அடுத்து, பக்கத்து வீட்டு அக்கா. குருணை எப்படியும் முளைக்காது, புளிக்க வை என்று சொன்னவர். தானியத்துக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்க வேண்டும், தினமும் கிளறிவிட வேண்டும். மூன்றாம் நாள் குமிழி விட்டு மோர் மாதிரி புளிப்பு வாசம் வரும். அழுகல் நாற்றம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். பழைய புளிப்புத் தண்ணீரில் கொஞ்சம் சேர்த்தால் அடுத்த வாளி சீக்கிரம் புளிக்கும். தானியத்தில் பூட்டிக்கிடக்கும் பாஸ்பரஸ் இதில் ஓரளவு விடுபடுகிறது. ஆனால் எனக்குக் காசு மிச்சமானது வேறு வழியில். உலர்ந்த தீவனத்தில் பெரிய துணுக்கைப் பொறுக்கிவிட்டு மாவைச் சிதறடித்த கோழிகள், அதையே புளித்த குருணையோடு பிசைந்து வைத்தால் தட்டை வழித்துவிடுகின்றன. சாயங்காலம் மிச்சம் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தானியக் கடையில் எடைபோட்ட தம்பிக்கும் நன்றி. மலிவாகக் கிடந்த விதை மூட்டையை நான் தூக்கப் போனபோது, அது பூஞ்சணக்கொல்லி தடவி விதைநேர்த்தி செய்தது என்று தடுத்தார். சோளத்தையும் (மக்காச்சோளம் அல்ல) முளைகட்ட விடவில்லை. இளம் சோளமுளையில் சயனைடு விஷம் உண்டாகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் என் மகள். காலையும் மாலையும் முளையை அலசிக் கொடுத்தவள். பூஞ்சணம் பூத்த தட்டை, கோழிதானே தின்கிறது என்று நான் தள்ளிவிடப் பார்த்தபோது, பறித்துக் குப்பையில் கொட்டினாள்.

11 நாளில் தீர்ந்த மூட்டை இப்போது 14 நாள் வருகிறது. குருணை வாங்கும் காசைக் கழித்தால் நான் கனவு கண்ட லாபம் இல்லைதான். ஆனால் கையில் நிற்கிறது.

டாக்டர், அன்றைக்கு நீங்கள் வாங்க மறுத்த காசுக்குப் பதிலாக முட்டை கொண்டு வருகிறேன். ஓட்டைத் தட்டிப் பாருங்கள், கெட்டியாக இருக்கிறது.

அன்புடன்,
40 கோழிக்காரன்