சின்னவளுக்கு ஒரு பழைய லேப்டாப்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிவிட்டது. நீ கேட்ட கேள்விக்கு வாய்க்கு வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை, இரண்டு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன், அதுதான் தாமதம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டதா? இங்கே தாம்பரத்தில் ஜூலை வந்தும் வெயில் இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளுக்கு பி.சி.ஏ. இடம் கிடைத்துவிட்டது, கையில் இருபதாயிரம் இருக்கிறது, கடைக்காரர் உருப்படியான புது லேப்டாப் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது என்கிறார், தவணையில் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். எடுக்காதே மாப்ளே. பெரியவளின் கல்யாணக் கடனே இன்னும் முடியவில்லை, அதற்குள் இன்னொரு தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். அந்த இருபதாயிரத்துக்குள் அவளுக்கு நல்ல மெஷின் கிடைக்கும், நான் கண்ணால் பார்த்துவிட்டேன். பழையதுதான், ஆனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் நாலு வருஷம் தாராளமாக ஓடும்.

பழைய லேப்டாப் என்றதும் உனக்கு யோசனையாக இருக்கும், அதனால் இவை எங்கிருந்து வருகின்றன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வாங்குகின்றன, மூன்று நாலு வருஷம் ஆனதும் கெட்டுப் போனாலும் போகாவிட்டாலும் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் எல்லாம் அப்படி வருபவை. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் மெலிசான பிளாஸ்டிக் லேப்டாப்புகளைப் போல இல்லாமல், இவற்றை ஸ்க்ரூ கழற்றி உள்ளே பார்க்கலாம், பல மாடல்களில் ரேம், டிஸ்க், பேட்டரி, கீபோர்டு என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். போதாததற்கு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் இலவச ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமென்றால் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்கள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அவற்றில் ஒரு குறையும் இல்லை, நேற்றுவரை ஒரு ஆபீஸே அதில் நடந்தது. லினக்ஸுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது என்பதால் நம் மாதிரி ஆட்களுக்கு விலை குறைந்து கிடைக்கிறது. ஓடுகிற பொருளைக் குப்பைக்கு அனுப்புவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை, அது வேறு விஷயம்.

கடையில் "ஐ5 சார், ஐ5" என்றுதான் கூவுவார்கள். ஐ5 என்பது இன்டெல் பிராசஸரில் ஒரு வரிசையின் பெயர், அது மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரியாது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 6300யு என்றால் ஆறாம் தலைமுறை, 7300யு ஏழு, 8350யு எட்டு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் உண்மையாகவே ஒரு பெரிய தாவல் உண்டு, 7300யுவில் இரண்டு கோர் (பிராசஸருக்குள் வேலை செய்யும் மூளை என்று வைத்துக்கொள்), 8350யுவில் நான்கு. நான் பார்த்த கடையில் ஏழாம் தலைமுறை திங்க்பேட் டி470 பதினோராயிரம் சொன்னார்கள், எட்டாம் தலைமுறை டி480 பதினேழாயிரத்து ஐந்நூறு. இன்னொரு கடையில் டி470இல் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி, "லேட்டஸ்ட் விண்டோஸ் சார்" என்று பதினாறாயிரம் கேட்டார்கள். திரையில் என்ன ஓடுகிறது என்பதை வைத்து விலை பேசாதே, அந்த எண்ணை வைத்துப் பேசு.

என் தீர்ப்பு டி480. 2018இல் வந்த மாடல். ரேம் போட இரண்டு இடம் இருக்கிறது; டி480எஸ் என்று மெலிசான தம்பி ஒன்று உண்டு, அதில் ஒரு ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும், அதனால் அந்த 'எஸ்'ஸைக் கவனித்துக்கொள். பேட்டரி இரண்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்பேட்டரியில் சார்ஜ் இருந்தால் மெஷினை அணைக்காமலே வெளிப்பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், உங்கள் ஊரில் கரண்ட் போகும் நாட்களில் அவளுக்கு உதவும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே, அது திரை. இதே மாடல் 1366க்கு 768 என்ற மங்கலான திரையோடும் வந்திருக்கிறது, 1920க்கு 1080 திரையோடும் வந்திருக்கிறது. விலை குறைத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் முதல் வகையைக் காட்டுகிறார்கள். நாள் முழுக்க அதில் புரோகிராம் எழுதப் போகிற பிள்ளை, ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் நல்ல திரையாகவே இருக்கட்டும். ரேமும் மெஷினிலேயே எவ்வளவு அதிகம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது, இப்போது ரேம் விலை போகிற போக்கில் பிறகு தனியாக வாங்கிப் போடுவது கையைக் கடிக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். போன வருஷம் என் அக்கா பையன் தானே போய் ஒரு பழைய திங்க்பேடை ஒன்பதாயிரத்துக்கு வாங்கி வந்தான். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து எஃப்1 அழுத்தி பயாஸுக்குள், அதாவது மெஷினின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், போகப் பார்த்தால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்கிறது. முன்பு வைத்திருந்த கம்பெனி போட்டது, எடுக்காமலே விற்றிருக்கிறார்கள். பென் டிரைவிலிருந்து துவங்கும் வசதியையும் பூட்டி வைத்திருந்தார்கள், ஆக லினக்ஸ் போடவே வழியில்லை. திங்க்பேடில் அது போர்டில் இருக்கும் ஒரு சில்லில் பதிந்திருக்கும், பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடாது, முறையான வழி என்றால் மதர்போர்டையே மாற்ற வேண்டும். விற்ற கடையில் "எங்களுக்கு வரும்போதே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்கள். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசு அது. அவன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் உன் கடிதத்தைப் படித்ததும் நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்காகவே ஒரு பென் டிரைவ் தயார் செய்தேன். அதில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றி வைத்திருக்கிறேன். டிஸ்கில் எதையும் தொடாமல், இன்ஸ்டால் செய்யாமல், பென் டிரைவிலிருந்தே முழு இயங்குதளமும் ஓடும். திங்க்பேடிலும் டெல்லிலும் துவங்கும்போது எஃப்12, எச்பியில் எஃப்9. அதை மாட்டிப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்கக் கூடாது என்பதுதான் நான் வைத்துக்கொண்ட ஒரே சட்டம். முதல் கடையில் "வைரஸ் ஏறிடும் சார், அதெல்லாம் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள், கிளம்பி வந்துவிட்டேன். நாலாவது கடையில் ஒரு சின்னப் பையன், இருபது வயசு இருக்கும், "போட்டுப் பாருங்க சார்" என்று நாற்காலியும் கொடுத்தான்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். முதலில் பயாஸ், பாஸ்வேர்டு கேட்கவில்லை. அப்புறம் மின்ட் துவங்கியதும் வைஃபை தானாக வந்தது, இன்டெல் கார்டு என்பதால். (வேறு மெஷின் பார்க்க நேர்ந்தால் வைஃபை கார்டு பிராட்காம் கம்பெனியுடையதா என்று கேள், அதற்குத் தனியாக டிரைவர் மென்பொருள் தேட வேண்டியிருக்கும். தனி என்விடியா கிராபிக்ஸ் இருப்பதையும் அவளுக்கு வேண்டாம் என்பேன், சூடும் செலவும்தான் மிச்சம்.) கீபோர்டில் ஒவ்வொரு விசையாக அழுத்தினேன், கேமரா, ஸ்பீக்கர், எல்லா யுஎஸ்பி துளையும் பார்த்தேன், மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று நாலு முறை பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்க விரித்தபோது கீழ் மூலையில் மங்கலாக ஒரு வெளிச்சத் திட்டு தெரிந்தது. அதைச் சொல்லி ஐந்நூறு குறைத்தேன். பேட்டரி விவரம் காட்டும் செயலியில், புதுசாக இருந்தபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்ணும் வரும். உள்பேட்டரி எண்பது சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, வெளியே இருப்பது பாதிக்கும் கீழே. பின்னால் புதுசு வாங்கிக்கொள்ளலாம், கழற்றி மாட்டுவதற்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். கடைசியாக டைப்-சி துளை இரண்டிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகினேன். இந்த மாடலில் ஒரு டைப்-சி துளையை நடத்தும் தண்டர்போல்ட் சில்லின் ஃபர்ம்வேரில் (சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒரு கோளாறு இருந்தது, அப்டேட் செய்யாமலே விட்டவற்றில் அந்தத் துளை வேலை செய்யாமல் போனதுண்டு. இதில் இரண்டும் சரியாக ஏறுகின்றன.

அந்தப் பையன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். தினமும் இருபது லேப்டாப் கையில் வருகிறது, இப்படி ஒரே பென் டிரைவில் எல்லாவற்றையும் சோதிக்கலாம் என்று தெரியாது என்றான். அந்த டிரைவை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சின்னவளுக்கென்று இன்னொன்று செய்துவிட்டேன்.

பெரியவளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் நினைவிருக்கிறதா? அதில் பாஸ் லினக்ஸ் இருந்தது, நம் சென்னையிலேயே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் செய்தது, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாக வைத்து. வாங்கிய வாரமே அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள், கற்றுக்கொடுக்க யாருமில்லை, நாமும் சும்மா இருந்துவிட்டோம். எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. நாம் படிக்கும்போது பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதிலும் லேப் உதவியாளர் "எதையும் தொடாதே" என்று தலைமாட்டில் நிற்பார். சின்னவள் தொட வேண்டும் மாப்ளே. தப்பாக எதையாவது அழித்து, மெஷின் துவங்காமல் போய், பென் டிரைவை மாட்டி மறுபடி எழுப்ப வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் தவணை மெஷின் என்றால் நீயே அவளைத் தொட விடமாட்டாய்.

அவள் பாடத்துக்கு வேண்டிய சி, ஜாவா, பைத்தான், மைஎஸ்கியூஎல் எல்லாம் லினக்ஸில் காசில்லாமல் கிடைக்கும். தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்தால் தமிழும் அடிக்கலாம், இந்தக் கடிதத்தையே லிப்ரே ஆபீஸில் அப்படித்தான் அடிக்கிறேன். தமிழிலேயே படித்துக் கற்றுக்கொள்ள கணியம் என்ற மின்னிதழ் இருக்கிறது, 2012இலிருந்து வருகிறது, அதை அவளுக்குச் சொல்.

சரிப்படாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். விரல் ரேகை வைத்துத் திறக்கும் வசதி இந்த மெஷினில் மின்ட் போட்டதும் வேலை செய்யாது, பாஸ்வேர்டு அடித்துதான் திறக்க வேண்டும். நீ கடைக் கணக்கு பார்க்கும் டேலி விண்டோஸுக்கானது, அதை இதில் ஓட்டலாம் என்று நினைக்காதே. வேர்டில் செய்த கோப்பு சில நேரம் இதில் வரி தள்ளித் தெரியும், பேராசிரியருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் தீர்ந்தது. ஆன்லைன் பரீட்சைக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் செயலிதான் வேண்டும் என்று அவர்கள் கல்லூரியில் சொல்வார்களா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடு. அப்படி இருந்தால் டிஸ்கில் பாதியை விண்டோஸுக்கு விட்டுவைக்கலாம், எட்டாம் தலைமுறை என்பதால் அதுவும் முறையாகவே ஓடும். டி470ஐ விட்டுவிட்டு இதற்கு ஆறாயிரம் அதிகம் கொடுக்கலாம் என்று நினைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாயிரம் முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். பேசி முடித்த விலை பதினேழாயிரம், எட்டு ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க், சார்ஜரோடு. வருகிற சனிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல், முன்பணம் என் பொறுப்பு. பிடித்திருந்தால் வெள்ளி இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் சின்னவளையும் கூட்டிக்கொண்டு கிளம்பு, காலையில் தாம்பரத்தில் இறங்கினால் நான் ஸ்டேஷனில் நிற்பேன். தங்கச்சியையும் கூட்டி வா, வீட்டில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கடையில் சின்னவளே ஒருமுறை எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கட்டும், நான் பார்த்துவிட்டேன் என்பதற்காக விட வேண்டாம். லினக்ஸையும் நான் ஏற்றி வைக்கப் போவதில்லை, நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அவளே ஏற்றட்டும், அரை மணி நேர வேலைதான், பக்கத்தில் இருப்பேன். பின்மூடியைக் கழற்றி ரேம் எங்கே இருக்கிறது, எஸ்எஸ்டி எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிடலாம். என் சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் முனை தேய்ந்துவிட்டது, உன் கடையில் நல்லதாக ஒன்று இருந்தால் அவள் பையில் போட்டுவிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்