குவியத்தைச் சுருக்குவது லென்ஸ் மட்டுமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

லேசர் கற்றையைக் குவிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1873இல் இயற்பியலாளர் அப்பே சொன்ன வரம்பை, அதாவது ஒளியை ஏறத்தாழ அரை அலைநீளத்துக்குக் கீழே குவிக்க முடியாது என்பதை, நன்றாகவே விளக்கியது. ஆனால் ஒளியின் தளவிளைவு, அதாவது அதன் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அகன்ற கோணத்தில் குவிக்கும் லென்ஸைப் பற்றி எழுதிவிட்டு இதை விடலாமா?

நேர்கோட்டுத் தளவிளைவுள்ள கற்றையை அத்தகைய லென்ஸ் குவித்தால் புள்ளி வட்டமாக விழாது. மின்புலம் அதிரும் திசையில் நீண்டுவிடும். ஓரத்துக் கதிர் வளையும்போது அதன் மின்புலமும் சாய்ந்து, கற்றை செல்லும் அச்சின் வழியே ஒரு கூறு பிறக்கிறது. அது நடுவில் தன்னைத்தானே அழித்துக்கொண்டு இருபுறமும் ஒதுங்குவதால் வரும் வினை இது. மின்புலம் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நின்றாலோ, அதே கூறுகள் நடுவில் ஒன்றுகூடுகின்றன. 2003இல் டோர்ன், குவாபிஸ், லாய்க்ஸ் என்னும் ஆய்வாளர்கள் மூவரும் இதை அளந்தார்கள்: புள்ளியின் பரப்பு அலைநீள வர்க்கத்தில் 0.16 மடங்கு. நேர்கோட்டுத் தளவிளைவுக்கு அது 0.26. நடுக்கதிர்களை மறைக்கும் வளையத் துளைக்கும் இதில் பங்குண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆரக்கால் போன்ற அத்தகைய கற்றையை உருவாக்கும் எளிய வழி, மின்புலத்தின் திசையைத் திருப்பும் அரை அலைத் தட்டைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் அச்சையும் வேறு கோணத்தில் வைத்து ஒட்டுவது. சோதிக்க, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவாக்கி ஒன்று போதும்; அதைக் கற்றையின் முன் வைத்துச் சுழற்றினால் கற்றையின் ஒளிவளையம் இரண்டு இதழ்களாகப் பிரிந்து, சுழற்றும் திசையிலேயே சுற்றி வரவேண்டும். நான் ஒட்டிய முதல் தட்டில் ஓர் இதழ் சுற்றிவர, மற்றது பாதி வழியில் மங்கி நின்றது. ஒரு துண்டைக் கோணம் பிசகி ஒட்டியிருந்தேன். பசை காய்ந்தபின் கண்டுபிடித்து என்ன பயன்!

முன்சொன்ன வளையத் துளைக்குப் பதிலாக, அடுத்தடுத்த வளையங்களில் ஒளியலையின் கட்டத்தை (அதிர்வின் நிலையை) 180 பாகை மாற்றும் தட்டையும் வைக்கலாம். 2008இல் வெளியான ஒரு கணக்கீடு, 0.43 அலைநீள அகலத்தில் ஏறத்தாழ 4 அலைநீளத் தொலைவுக்கு விரியாமல் செல்லும் ஒளி ஊசியைக் காட்டியது. ஆனால் நடுப்புள்ளியை இப்படி ஒடுக்கினால் ஒளியின் ஒரு பகுதி சுற்று வளையங்களுக்குப் போய்விடும். ‘வரம்பை உடைத்தார்கள்’ என்று தலைப்பிடுவோர் இந்த வளையங்களைக் கண்டுகொள்வதே இல்லை.

கட்டுரையாளர் அடுத்த முறை புள்ளியின் அகலத்தோடு சுற்று வளையத்தின் செறிவையும் தரட்டும். அளவீடு காற்றிலா, பொருளுக்குள்ளா என்பதையும் சொல்லட்டும். ஒளிவிலகல் எண் கூடிய படலத்துக்குள் நுழைந்ததும் அந்த அச்சுக் கூறு வெகுவாக மெலிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒளியியல் ஆய்வகத்தில் பணிபுரியும் வாசகர்