டிராகுலா வேடம் கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மார்த்தாண்டத்தில் கிளப் விழாவுக்கு டிராகுலா நாடகம் போடுகிறாய் என்று கேட்டதில் ரொம்ப சந்தோஷம். பல் வாங்க மட்டும் முதலிலேயே ஓடாதே. 1931-இல் வந்த டிராகுலா படத்தில் பெலா லுகோசி கோரைப்பல்லைக் காட்டவே இல்லை. கண்ணில் மட்டும் ஒளிக்கீற்று விழும். அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

நிழலில் தொடங்கு. 1922-இல் முர்னாவ் எடுத்த நோஸ்ஃபராட்டு படத்தில் படியேறி வருவது நிழல்தான். திரைக்கு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டு. அதிலிருந்து நாலு மீட்டர் தள்ளித் தரையில் மொபைல் ஃப்ளாஷ். சரி நடுவில் நின்றால் நிழல் உன்னைப் போல இரண்டு மடங்கு. விளக்குக்கு ஒரு மீட்டர் பக்கம் வந்தால் நாலு மடங்காகித் தலை திரைக்கு மேலே போய்விடும். அந்தத் தூரத்தில் கையை மட்டும் நீட்டு. விரல் நுனிகளில் சார்ட் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டு. நகம் திரை முழுக்கப் பரவும். மேடையில் ஒரு டியூப் லைட் எரிந்தாலும் எல்லாம் வெளிறிப்போகும். லைட் அணைக்க ஒரு ஆளைத் தனியாக நிறுத்து.

வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்பதும் நோஸ்ஃபராட்டு படம் கொண்டுவந்ததுதான். பிராம் ஸ்டோக்கர் எழுதிய மூலக்கதையான 1897 நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். எதை எடுப்பாய் என்று இப்போதே முடிவு செய். இசக்கியை மட்டும் இதில் கலக்காதே. முப்பந்தலில் நம் ஜனம் கும்பிடுகிற தெய்வம் அவள்.

ரத்தத்துக்கு ஒரு கப் லிக்விட் குளுக்கோஸ், ஒரு டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், அரை டீஸ்பூன் கோகோ பவுடர். கோகோவை முதலில் இரண்டு ஸ்பூன் வெந்நீரில் குழை, இல்லையென்றால் கட்டி தட்டும். கோகோ இல்லாவிட்டால் சர்பத் மாதிரிதான் தெரியும். தாடையில் வாசலின் தடவிக்கொள், இல்லையென்றால் சாயம் தோலில் பிடித்துக்கொள்ளும்.

பல் கட்டாயம் வேண்டுமென்றால், வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் மணி வாங்கு. 60 டிகிரியில் கண்ணாடி போலத் தெளியும். கொஞ்சம் ஆறவிட்டு, ஈரமான கோரைப்பல்லில் அழுத்தி, வெளுக்கத் தொடங்கும்போதே கழற்றிக் கழற்றி மாட்டு. வாயிலேயே இறுகவிட்டால் பல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும். சூப்பர் குளூ வாய்ப் பக்கமே வரக்கூடாது.

பல் மாட்டினால் 'ச' குழறும். அந்தக் காட்சியில் உனக்கு வசனமே வைக்காதே.