சிறுகோள்களும் வால்மீன்களும்: பிள்ளைகளின் கேள்விகள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

தேர்வு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், ஒரே ஒரு மதிப்பெண் கேள்வி தொடர்பாகப் பெற்றோர் மூவர் என்னைச் சந்தித்தனர். சனிக்கோளுக்கு எத்தனை துணைக்கோள்கள் என்பதே அந்தக் கேள்வி. செய்தியில் படித்ததை நினைவில் வைத்து 274 என எழுதிய இருவருக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. பாடநூலில் உள்ள 82 என்பதை எழுதிய மாணவருக்குக் கிடைத்திருந்தது. முதல் இருவரின் பெற்றோர் மதிப்பெண்ணைக் கேட்டு வந்தார்கள். மூன்றாமவர், கொடுத்த மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ள வந்திருந்தார். மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 2019இல் அந்த எண்ணிக்கை 82, 2023இல் 146, 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புதிய துணைக்கோள்கள் சேர்க்கப்பட்டு 274 ஆனது. தவறு கேள்வித்தாளில்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி இத்தகைய கேள்விகளுக்கு, எந்த ஆண்டின் கணக்கு என்பதைக் குறிப்பிட்டு எழுதப்படும் சரியான விடைக்கு முழு மதிப்பெண் வழங்கப்படும்.

அந்தச் சிறு வழக்கைத் தீர்த்த பிறகும் அதைப் பற்றிய யோசனை என்னை விடவில்லை. அறிவியல் சொல்லும் எண் மாறும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் குழம்புகிறோம். வானியல் செய்திகளில் இந்தக் குழப்பம் சில சமயம் அச்சமாகவும் மாறிவிடுகிறது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். 2024 ஒய்.ஆர்.4 என்ற சிறுகோள், 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கான வாய்ப்பை நாளிதழிலிருந்து தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்தார். 2025 ஜனவரி இறுதியில் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த வாய்ப்பு, பிப்ரவரி 18 அன்று 3.1 விழுக்காடானது, அந்த எண்ணுக்குக் கீழே சிவப்பு மையில் இரட்டைக் கோடு. அடுத்த நாள் 1.5, அதற்கடுத்த நாள் 0.28, அந்த வாரம் முடிந்த கையோடு 0.004. "முதலில் தப்பாகச் சொல்லிவிட்டார்களா ஐயா?" என்று கேட்டார். எந்தக் கட்டத்திலும் தப்பாகச் சொல்லவில்லை என்பதே விடை. ஆனால் அதை விளக்க எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது.

வீட்டில் பத்து இடங்களில் ஏதோ ஒன்றில் சாவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலமாரி இழுப்பறையில் அது இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. மற்ற இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி இல்லை என்று தெரியவரும்போது, இழுப்பறையின் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று, எட்டில் ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும். சாவி கட்டிலுக்கு அடியில் கிடைத்த நொடியில் அது சுழியமாகிவிடும். சிறுகோளின் கணக்கும் இதைப் போன்றதே. 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தபோது, சில நாள் அவதானிப்புகளே கையில் இருந்ததால், 2032இல் அது இருக்கக்கூடிய இடம் மிக நீண்ட ஒரு பட்டையாகவே தெரிந்தது. பூமி அந்தப் பட்டைக்குள் ஒரு புள்ளி. அவதானிப்புகள் கூடக் கூடப் பட்டை சுருங்கியது. பூமி அதற்குள் இருந்தவரை பூமியின் பங்கு கூடியது. பட்டையின் விளிம்பு பூமியைக் கடந்து விலகியதும் எண் சரிந்தது. ஏறியதும் இறங்கியதும் ஒரே வேலையின் இரு கட்டங்கள்தாம். ஏறிய எண்ணைப் பெரிய எழுத்தில் போட்ட சிலர், இறங்கிய எண்ணை உள்பக்கத்தில் ஒரு பத்தியாக முடித்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

2025 ஜூலை 1 அன்று அதே அட்லஸ் அமைப்பு கண்டறிந்த 3ஐ/அட்லஸ் வால்மீனைப் பற்றி, அது வேற்றுலகவாசிகளின் விண்கலம் என்று சொல்லும் காணொளிகள் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கின்றன. அது வேறொரு விண்மீன் குடும்பத்திலிருந்து வந்தது என்பது உண்மை. சூரியனின் ஈர்ப்பால் கட்டி நிறுத்த முடியாத அளவு வேகத்தில், மீண்டும் திரும்பாத பாதையில் அது செல்வதால் அதை அறிகிறோம். ஆனால் வாயுவையும் தூசியையும் உமிழ்ந்தபடி, ஒரு வால்மீன் நடந்துகொள்ள வேண்டிய விதத்திலேயே அது நடந்துகொண்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதைச் சுற்றிக் கரியமில வாயு மிகுந்திருப்பதைக் கண்டது. டிசம்பர் 19 அன்று பூமியை மிக நெருங்கியபோதும் இடைவெளி ஏறத்தாழ 27 கோடி கிலோமீட்டர். வெளியிலிருந்து இப்படி வந்தவற்றில் இதுவரை நாம் அறிந்தவை 2017இன் ஓமுவாமுவா, 2019இன் போரிசோவ், இது ஆகிய மூன்றே. இரண்டாவதைக் கண்டுபிடித்த கென்னடி போரிசோவ், தாமே உருவாக்கிய தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்துவந்தவர் என்பதை வகுப்பில் சொன்னபோது கிடைத்த அமைதி, விண்கலக் கதைக்குக்கூடக் கிடைத்ததில்லை.

பென்னு சிறுகோளிலிருந்து ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பர் 24 அன்று கொண்டுவந்து சேர்த்த 121.6 கிராம் கருநிறத் துகள்கள் தனிக் கடிதத்துக்கு உரியவை. துகள்கள் இருந்த கொள்கலத்தின் மூடியிலிருந்த 35 இணைப்புகளில் இரண்டு மட்டும் கழல மறுத்ததால், அதற்கென்றே புதிய கருவிகளைச் செய்து 2024 ஜனவரியில்தான் முழுமையாகத் திறக்க முடிந்தது. உயிரினங்கள் புரதம் உருவாக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14ம், மரபுப் பொருளின் (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.) எழுத்துகளான ஐந்து காரங்களும், உவர்நீர் வற்றியபோது படிந்த உப்புகளும் அதில் இருப்பதாக 2025 ஜனவரியில் வெளியான ஆய்வுகள் தெரிவித்தன. "சிறுகோளில் உயிர்" என்ற தலைப்பை உங்கள் பிள்ளை காட்டினால், உயிர் அங்கே காணப்படவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உயிருக்கு வேண்டிய சரக்கு அங்கே இருந்தது. சமையல் நடந்ததற்கான அடையாளம் இல்லை.

அச்சத்தை முழுவதும் வீண் என்று நான் சொல்லவில்லை. 2013 பிப்ரவரி 15 காலையில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று வெடித்தது. ஒளியைக் கண்டவர்கள் என்னவென்று பார்க்கச் சன்னல்களுக்கு ஓடினார்கள். ஒளிக்குப் பின்னால் ஓரிரு நிமிடங்கள் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் சிகிச்சை நாடினர். பெரும்பாலும் கண்ணாடிக் காயங்கள். அங்கே நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர், ஒளியைப் பார்த்தவுடன் நாற்பதுக்கும் மேற்பட்ட தம் மாணவர்களை மேசைகளுக்கு அடியில் போகச் சொன்னார். அவருக்குக் கையில் ஆழமான வெட்டு. பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்று நாம் கற்பிக்கும் வரியை இவ்வளவு நேரடியாகப் பயன்படுத்திய வேறொருவரை நான் அறியேன். இனி நமது பேரிடர் ஒத்திகையில், கண்ணைக் கூசும் ஒளி தோன்றினால் சன்னலை விட்டு விலகுவதும் சேர்க்கப்படும்.

2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம், சிறுகோளின் பாதையை மாற்ற முடியுமா என்று சோதிக்க, 160 மீட்டர் அளவுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது வேண்டுமென்றே மோதி, அது தன் தாய்ச் சிறுகோளைச் சுற்றும் நேரத்தை அரை மணிக்கும் மேலாகக் குறைத்தது என்பதையும் பயந்திருக்கும் பிள்ளையிடம் சொல்லலாம். 2029 ஏப்ரல் 13 அன்று அபோஃபிஸ் சிறுகோள் பூமியின் பரப்பிலிருந்து ஏறக்குறைய 32,000 கிலோமீட்டர் தொலைவில், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்களைவிட அருகில் கடந்து செல்லும், மோதாது. 2004இல் அதற்கும் 2.7 விழுக்காடு என்று ஓர் எண் சொல்லப்பட்டது, பிறகு அதுவும் இறங்கியது. குறிப்பேட்டு மாணவி இதைத் தாமே கண்டுபிடித்து எனக்குக் காட்டினார்.

பிள்ளை இத்தகைய செய்தியோடு வந்தால், "இது எந்தத் தேதியில் சொன்ன கணக்கு, யார் சொன்னது?" என்று மட்டும் கேளுங்கள். விடை தெரியாவிட்டால், கேள்வியை ஒரு தாளில் எழுதிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

தொலைநோக்கி எடுத்த படத்தொகுப்புகளில் நகரும் புள்ளிகளைத் தேடும் சிறுகோள் தேடல் பணியில், ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களை ஈடுபடுத்த எண்ணியுள்ளோம். கணினி ஆய்வகத்திலேயே பணி நடைபெறும் என்பதால் வீட்டில் கணினி தேவையில்லை. பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் பிள்ளை தங்க வேண்டியிருக்கும். இணைத்துள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு, அழைத்துச் செல்ல வருபவர் யார் என்பதையும் குறிப்பிட்டு, வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்