ஐந்தாம் நாள் பரிசோதனை போதாது

ஆசிரியருக்கு,

எச்ஐவி பற்றிய பேச்சு இன்னும் கொசுவையும் டம்ளரையும் தாண்டவில்லை. கொசு கடித்தால் பரவாது, ஒரே டம்ளரில் குடித்தால் பரவாது. சரி, இது பலருக்கும் தெரியும். எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

என் நண்பர் ஒருவர் பாதுகாப்பற்ற உறவுக்குப் பிறகு ஐந்தாம் நாளே போய் ரத்தம் கொடுத்தார். 'தொற்று இல்லை' என்று வந்த தாளை நான்காக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் திரிந்தார். அந்த உறவைப் பொறுத்தவரை அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. கிருமி உள்ளே நுழைந்தாலும் பரிசோதனையில் தென்பட நாளாகும். நரம்பில் ரத்தம் எடுத்து கிருமியின் பகுதியான ஆன்டிஜென், அதற்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கும் ஆய்வகச் சோதனை பொதுவாக 18 முதல் 45 நாட்களில் காட்டிக்கொடுக்கும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனை என்றால் 90 நாட்கள் வரை பொறுக்க வேண்டும்.

உறவுக்கு மறுநாளே மருத்துவரிடம் போயிருந்தால் வேறு வழி இருந்தது. 'பெப்' எனப்படும் தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் சாப்பிடலாம். ஐந்தாம் நாளில் அதற்கும் நேரம் கடந்துவிட்டது.

அப்புறம் இன்னொன்று. எச்ஐவி தொற்றுக்கான சிகிச்சை மருந்தைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று பரவாது. இதைச் சொன்னால் படித்தவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் இந்த நாள் கணக்கைச் சிறு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். வெட்டி எடுத்து நண்பரின் பர்ஸில் வைக்க வேண்டும்.

ஒரு வாசகர்